துணைப் பயிற்சியாளர் வேலை என்பது உண்மையில் என்ன? (கல்லூரிப் பெண்கள் கால்பந்து, நீலகிரி)

லெஃப்ட்பேக்_கோத்தகிரி

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதையெல்லாம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. அம்மாவிடம் சொன்னால் "அப்ப விட்டுரு" என்பார், அவ்வளவுதான்.

நான் கோத்தகிரி பக்கம். காலையில் ஒரு டீ ஃபேக்டரியில் இலைக் கணக்கு எழுதுகிறேன். மதியம் இரண்டரைக்குக் கிளம்பினால் மூன்றரைக்கெல்லாம் நான் படித்த கல்லூரி மைதானத்தில் இருப்பேன். பெண்கள் கால்பந்து அணிக்குத் துணைப் பயிற்சியாளர், இது இரண்டாவது வருஷம். படிக்கும்போது இதே அணியில் மூன்று வருஷம் லெஃப்ட் பேக் (இடதுபக்கத் தடுப்பாட்டம்) ஆடினேன். 2018-இல் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரை 2-1 என்று ஜெயித்து சீனியர் நேஷனல்ஸ் கோப்பையை எடுத்தபோது நான் பள்ளிக்கூடம். அந்தப் பேப்பர் கட்டிங் இன்னும் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. படிப்பு முடிந்த கையோடு டி லைசென்ஸும் (கால்பந்துப் பயிற்சியாளருக்கான ஆரம்பநிலைச் சான்றிதழ்) முடித்துவிட்டேன்.

அணிக்கு மூன்று பேர் இருக்கிறோம். பெரிய கோச், கல்லூரியின் பி.டி. சார். அவர் ஆடியது கபடி. நல்ல மனிதர், பொண்ணுங்க மேல் பிரியம் உண்டு, ஆனால் ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாட்டக்காரர்களைத் தாண்டி நின்று பந்தை வாங்கக்கூடாது என்கிற விதி) பற்றிப் பேச்சு வந்தால் பேச்சை மாற்றிவிடுவார். அடுத்து வெலிங்டனிலிருந்து வரும் ஓய்வுபெற்ற ஹவில்தார் அண்ணா. கோல்கீப்பர்களைப் பார்த்துக்கொள்கிறார், ஆனால் வாயைத் திறந்தால் பத்துப் பேரையும் பார்த்துக்கொள்வார். மூன்றாவது நான். மாதம் 6,000 ரூபாய். அதுவும் மாதாமாதம் வராது.

என் வேலை என்னவென்று யாரும் எழுதித் தரவில்லை. நானே எழுதிப் பார்த்தேன். கோன் வைப்பது, எடுப்பது. பிப் (பயிற்சியில் அணி பிரிக்கப் போடும் கையில்லாத மேல்சட்டை) துவைப்பது. ஆடி மாதத்தில் மலையில் 18 பிப் காயவைப்பது என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்; அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தான் ஒப்பேற்றுகிறேன். ஐந்தரை பஸ்ஸுக்குப் போகவேண்டிய ஆறு பேரை மணி பார்த்துக் கிளப்புவது. அதில் இரண்டு பேர் டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) தொழிலாளர் லைனில் இறங்கி முக்கால் கிலோமீட்டர் தேயிலைக்குள் நடக்கவேண்டும், இருட்டினால் கரடி வரும். அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்களா என்று ராத்திரி போன் போடுவதும் நான்தான். ஹெத்தை ஹப்ப (படகர் திருவிழா) நேரத்தில் யார் யார் வரமாட்டார்கள் என்று முன்கூட்டியே பி.டி. சார் காதில் போட்டுவைப்பது. முதலுதவிப் பையில் நாப்கின் தீராமல் பார்த்துக்கொள்வது. இதில் கால்பந்து எங்கே இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் கோவையில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. காலிறுதி. ஹாஃப்-டைமில் 0-1. பொண்ணுங்க புல்தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிறார்கள். பி.டி. சார் நடுவில் நின்று "இன்னும் வேகமா ஓடணும்மா, வேகம் பத்தல" என்கிறார். அந்தப் பக்கம் ஹவில்தார் அண்ணா ரைட் பேக்கைப் பார்த்து "நீ மேல ஏறி நில்லு, லைன மேல தள்ளு" என்கிறார். நான் அதே பொண்ணின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அவங்க விங்கர் உன்னவிட வேகம், நீ நாலடி பின்னாலேயே நில்லு" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் மூன்று பேருக்கும் தலையாட்டினாள்.

இரண்டாவது பாதி தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. அவள் ஏறவும் இல்லாமல் இறங்கவும் இல்லாமல் பாதி வழியில் நின்றாள். பின்னால் ஒரு லாரி திருப்பலாம், அவ்வளவு இடம். அங்கே போட்ட பாஸை எடுத்துக்கொண்டு அந்த விங்கர் ஓடியே போய்விட்டாள். 0-2. எனக்கு அது ஆஃப்சைடு மாதிரி தெரிந்தது. லைன்ஸ்மேனைப் பார்த்துக் கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுதமுடியாது. ரெஃபரி வந்தார். பெஞ்சில் நாங்கள் மூன்று பேர், பின்னால் மாற்று ஆட்டக்காரர்கள் ஏழு பேர். யார் கத்தியது என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நேராக பி.டி. சாரிடம் போய் அவருக்கு மஞ்சள் அட்டையைக் காட்டினார். சார் தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை. பர்லியாரில் டீக்கு நிறுத்தினார்கள். சார் எனக்கும் சேர்த்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "இனிமே மேட்ச்ல நீ பேசாதம்மா. கோன மட்டும் பாரு" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இதோடு முடிந்திருந்தால் இங்கே எழுதியிருக்கமாட்டேன். போன திங்கள் எங்கள் சென்டர் ஃபார்வர்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, முட்டியில் வலி, மூன்று வாரமாக இருக்கிறது, சரிவில் இறங்கும்போது உள்ளே ஏதோ நழுவுகிற மாதிரி இருக்கிறது என்றாள். "அக்கா, சார்கிட்ட சொல்லிராதீங்க. செலக்ஷன் வருது." பல்கலைக்கழக அணித் தேர்வு இந்த மாதக் கடைசியில். அதில் எடுத்தால் தென்மண்டலப் போட்டிக்குப் போவாள். அவள் வீட்டில் இதுவரை யாரும் கோவையைத் தாண்டி விளையாடப் போனதில்லை.

இரண்டு கேள்வி. ஒன்று, துணைப் பயிற்சியாளர் மேட்சில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது? இரண்டு, அவள் சொன்னதை நான் சாரிடம் சொல்லவேண்டுமா?

ஸ்ட்ரைக்கர்9

6,000 ரூபாய்க்கு இவ்வளவு தலைவலியா? விட்டுத் தள்ளுங்கள் அக்கா. டி லைசென்ஸ் இருக்கிறது, கோவையில் ஏதாவது அகாடமியில் சேருங்கள். மரியாதையாவது கிடைக்கும்.

பழைய_பிடி_குன்னூர்

தம்பி ஸ்ட்ரைக்கர், அகாடமியிலும் முதல் இரண்டு வருஷம் கோன்தான்.

அம்மா, நான் 28 வருஷம் பி.டி.யாக இருந்து ரிட்டயர் ஆனவன். வாலிபால்காரன். ஆகவே உன் பி.டி. சாருடைய கட்சி நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த மஞ்சள் அட்டை. அது ரெஃபரி தவறிக் காட்டியது கிடையாது. 2019-லிருந்து பயிற்சியாளர்களுக்கும் அட்டை உண்டு. பெஞ்சிலிருந்து ஒருவர் தப்பு செய்து, அது யார் என்று தெரியாமல் போனால், அங்கே இருப்பவர்களில் மூத்த கோச்சுக்குத்தான் தண்டனை. விதியிலேயே இருக்கிறது. உன் சாருக்கு ஆஃப்சைடு தெரியாமல் இருக்கலாம், இது தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவர் விரலை நீட்டி உன்னைக் காட்டியிருந்தால் அட்டை உனக்கு வந்திருக்கும். காட்டவில்லை. நீயும் எழுந்திருக்கவில்லை. இதை யோசித்துக்கொண்டே அந்தப் பர்லியார் டீயை இன்னொரு முறை குடித்துப் பார்.

இன்னொன்று. பெஞ்சுக்கு முன்னால் கோடு போட்டிருப்பார்களே, இருக்கைக்கு இரண்டு பக்கமும் ஒரு மீட்டர், முன்னால் டச் லைனுக்கு (மைதானத்தின் பக்கவாட்டுக் கோடு) ஒரு மீட்டர் விட்டு. அந்தக் கட்டத்தில் நின்று ஆட்ட உத்தி சொல்ல ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. மூன்று பேர் எழுந்து நின்று மூன்று திசையில் கை காட்டுவது சட்டத்திலேயே இல்லை. சின்னப் போட்டிகளில் ரெஃபரிகள் கண்டுகொள்ளமாட்டார்கள், அதனால் நமக்குப் பழகிவிட்டது.

ஹாஃப்-டைம் பற்றி. சட்டப்படி 15 நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. கல்லூரிப் போட்டியில் பத்து கொடுத்தாலே பெரிது. என்னிடம் ஒரு துணைப் பயிற்சியாளர் இருந்தார், ஆடிய காலத்தில் கால்பந்தில் ஸ்டாப்பர் (நடுத் தடுப்பாட்டக்காரர்). நாங்கள் செய்தது இதுதான். முதல் மூன்று நிமிஷம் பொண்ணுங்களிடம் யாரும் எதுவும் பேசக்கூடாது. தண்ணீர் குடிக்கட்டும், ஷூ லேஸைக் கட்டட்டும், ஒருத்தியை ஒருத்தி திட்டிக்கொள்ளட்டும். அந்த மூன்று நிமிஷம் நானும் அவரும் பத்தடி தள்ளிப் போய் நிற்போம். எங்கள் சண்டை அங்கேதான். "சார், ரைட் பேக்க இறக்குங்க", "முடியாதுய்யா, கோல் வேணும்." ஒரு முடிவுக்கு வருவோம். அப்புறம் நான் போய் இரண்டே விஷயம் சொல்வேன், அதில் ஒன்று அவர் சொன்னதாக இருக்கும். கடைசி இரண்டு நிமிஷம் அவர் போய் யாருக்குத் தேவையோ அவளிடம் மட்டும் அதே விஷயத்தை விளக்கமாகச் சொல்வார். புதிதாக எதையும் சேர்க்கமாட்டார். நீ சொன்ன அறிவுரை சரியானதாகவே இருந்திருக்கலாம். நாலடி பின்னால் நின்றிருந்தால் அந்த கோல் விழுந்திருக்காது. ஆனால் ஹவில்தார் சொன்னபடி நிஜமாகவே மேலே ஏறியிருந்தாலும், அந்த விங்கர் அவளைத் தாண்டி நின்றிருப்பாள், உன் கண்ணுக்குத் தெரிந்த ஆஃப்சைடு லைன்ஸ்மேன் கண்ணுக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பொண்ணைக் கெடுத்தது மூன்று சரியான யோசனைகள்.

பி.டி. சாருக்குக் கால்பந்து தெரியாது என்று எழுதியிருக்கிறாய். உங்கள் அணி கோவைக்கு இறங்கியதே, அதற்கு முந்தின வாரம் அவர் என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறாயா? முதல்வர் கையெழுத்து. ஓ.டி. (வகுப்புக்கு வராததை வருகையாகக் கணக்கிடும் ஆன் டியூட்டி) பட்டியலுக்கு ஒவ்வொரு துறைத் தலைவரிடமும் நடை. பெற்றோர் சம்மதக் கடிதம். தகுதிப் படிவத்தோடு ஒவ்வொருத்தியின் மார்க் ஷீட் நகல், ஃபோட்டோ. வேன் அட்வான்ஸ். சாப்பாட்டு பில்லில் ஒரு கையெழுத்து விட்டால் ஆடிட்டில் அவர் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். எனக்குத் தெரிந்த கல்லூரிகளில் உடற்கல்வி இயக்குநர் என்று ஒரு பணியிடம் இருக்கும், அவ்வளவுதான். துணைப் பயிற்சியாளர் என்று பணியிடமே கிடையாது. உன் 6,000 ஏதோ ஒரு தலைப்பில் எங்கிருந்தோ வருகிறது. அந்தத் தலைப்பை வருஷாவருஷம் யாரோ ஒருவர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவருகிறார். அது யாராக இருக்கும் என்று நினைக்கிறாய்?

அதற்காகக் காலமெல்லாம் கோன் பொறுக்கச் சொல்லவில்லை. ஒரு 40 பக்க நோட்டு வாங்கு. ஒவ்வொரு மேட்சிலும் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுது. நம் பந்து எந்த இடத்தில் பறிபோகிறது, எத்தனை முறை. அவ்வளவு போதும். மேட்ச் முடிந்த மறுநாள், பொண்ணுங்க யாரும் இல்லாத நேரத்தில் சாரிடம் காட்டு. நான் வாலிபால்காரன், எனக்கு இப்படி ஒரு நோட்டு வந்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. நம்மைப் போன்ற ஆட்களுக்குக் கூட்டத்தின் முன்னால் சொல்லிக்கொடுத்தால்தான் பிடிக்காது.

முட்டி விஷயத்தை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

எட்டாம்நம்பர்_கூடலூர்

நான் அந்த சென்டர் ஃபார்வர்டு. அதாவது, ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் இருந்த இடத்தில் இருந்தவள்.

இரண்டாம் வருஷம் படிக்கும்போது எனக்கும் இதே மாதிரி. ஓடும்போது ஒன்றும் தெரியாது, திடீரென்று திரும்பினால் முட்டி ஒரு நொடி என் பேச்சைக் கேட்காது. எங்கள் துணைக் கோச் அக்காவிடம் சொன்னேன், சாரிடம் சொல்லவேண்டாம் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அக்கா சொல்லவில்லை. என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்லவில்லை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முட்டிக்குத் துணி கட்டிவிட்டார், தைலம் தேய்த்துவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஈரத் தரை மேட்சில், பக்கத்தில் யாருமே இல்லை, பந்தை நிறுத்தித் திரும்பினேன். "டப்" என்று ஒரு சத்தம். பாக்கு வெட்டுகிற சத்தம் மாதிரி. பக்கத்து டிஃபெண்டருக்கே கேட்டதாம். ஏ.சி.எல். என்கிற முட்டி நரம்பு கிழிந்துவிட்டது. கோவையில் எம்.ஆர்.ஐ., ஆபரேஷன், அப்பா ஏலக்காய் விற்ற காசு முழுக்க அதற்குப் போனது. நடக்க ஆரம்பித்து, ஓட ஆரம்பித்து, பந்தைத் தொட ஒன்பது மாதம். திரும்பி வந்தபோது கல்லூரி முடிய ஒரு செமஸ்டர்தான் பாக்கி.

அந்த அக்காவோடு இன்றைக்கும் பேசுகிறேன். ஆனால் நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை.

அதனால், தங்கச்சி, சொல்லவேண்டும். எப்படிச் சொல்வது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அவள் முதுகுக்குப் பின்னால் போய்ச் சொல்லாதே. சொன்னால் இனி அந்த அணியில் எவளும் உன்னிடம் வாய் திறக்கமாட்டாள். அவளை உட்காரவைத்து, "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீயே சொல்லு, நான் பக்கத்துல நிக்கிறேன். நீ சொல்லலேன்னா நாம ரெண்டு பேரும் சேர்ந்து போறோம்" என்று சொல். அதுவரைக்கும் பந்தைத் தொடவிடாதே. நல்ல எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். சரிவில் இறங்கும்போது மட்டும் வலி என்றால் முட்டிச் சில்லு விஷயமாக இருக்கலாம், அது பெரும்பாலும் பயிற்சியிலேயே சரியாகிவிடும் சங்கதி. ஆனால் நழுவுகிற மாதிரி இருக்கிறது என்கிறாளே, அதை நீயும் நானும் ஊகிக்கக்கூடாது.

இன்னொரு விஷயம். முட்டியில் இந்த நரம்பு கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்கு அதிகம். நரம்பு என்று நம் ஊரில் சொல்கிறோம், உண்மையில் அது எலும்பையும் எலும்பையும் கட்டும் நார். உங்கள் வார்ம்-அப் என்ன? மைதானத்தைச் சுற்றி நாலு ரவுண்டும், கையைக் காலை நீட்டுவதும் என்றால் அதை மாற்று. ஃபிஃபா 11 பிளஸ் என்று ஒன்று இருக்கிறது. 15 பயிற்சிகள், மொத்தம் 20 நிமிஷம். எட்டு நிமிஷம் மெல்ல ஓட்டம், பத்து நிமிஷம் பலத்துக்கும் ஒற்றைக்காலில் நிற்பதற்கும் குதிப்பதற்கும், கடைசி இரண்டு நிமிஷம் வேக ஓட்டம். ஒரு சாமானும் வேண்டாம், பந்துகூடப் பெரும்பாலும் வேண்டாம். வாரத்துக்கு இரண்டு முறையாவது செய்தால்தான் பலன், அதுவும் பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்குகிறதா என்று ஒவ்வொருத்தியாகப் பார். முன்னால் நின்று பார்த்தால் நன்றாகத் தெரியும், இரண்டு முட்டியும் ஒன்றையொன்று முத்தம் கொடுக்கிற மாதிரி வரும். இதைப் பார்க்கப் பெரிய கோச்சுக்கு நேரம் இருக்காது. கால்பந்து எங்கே இருக்கிறது என்று கேட்டாயே.

கொடை_லேக்ரோடு

முட்டி பற்றி எனக்குத் தெரியாது. பந்து பற்றி ஒன்று.

நான் கொடைக்கானலில் பையன்கள் அணிக்கு உதவி செய்கிறேன். திண்டுக்கல்லில் எங்கு ஆடினாலும் முதல் இருபது நிமிஷம் பசங்க பாஸ் எல்லாம் குட்டையாக விழும். ரொம்ப நாள் அவர்கள் சோம்பேறித்தனம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். மேலே 2,100 மீட்டரில் காற்று அடர்த்தி குறைவு, பந்து வழுக்கிக்கொண்டு தூரம் போகும். அதே உதை கீழே கொஞ்சம் முன்னாலேயே விழுகிறது. இதில் இன்னொரு கூத்து. வத்தலக்குண்டில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் பெருமாள்மலை வரும்போது பலூன் மாதிரி உப்பியிருக்குமே, பார்த்திருப்பீர்கள். பந்துக்கு அதன் நேர் எதிர். மேலே கணக்காகக் காற்றடித்து எடுத்துப்போன பந்து கீழே போனதும் ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) இளகிவிடும். விதிப்படி 8.5-க்குக் குறையக்கூடாது. மைதானத்தில் இறங்கியதும் வார்ம்-அப் பந்துகளுக்கு மறுபடி காற்றடிக்க வேண்டும். அதுவும் துணைக் கோச் வேலைதான் அக்கா, உங்கள் பட்டியலில் விட்டுப்போயிருக்கிறது.

அப்புறம் தண்ணீர். குளிரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தாகம் தெரியாது. கோவை வெயிலில் இரண்டாவது பாதியில் கெண்டைக்கால் பிடிக்கும். முந்தின நாளே உப்புப் போட்டு மோர் கொடுத்துப் பழக்குங்கள். நாங்கள் காட்டுமாட்டைத் துரத்திவிட்டுப் பயிற்சி ஆரம்பிக்கிற ஆட்கள், எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அருவங்காடு_டு_ராலே

அமெரிக்காவில் நார்த் கரோலினாவில் இருக்கிறேன், சொந்த ஊர் அருவங்காடு. எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் சேப்பல் ஹில். அங்கே இருக்கும் நார்த் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணியை 1979-லிருந்து நடத்தியவர் ஆன்சன் டோரன்ஸ். 2024 ஆகஸ்டில், சீசன் தொடங்க நாலு நாள் இருக்கும்போது ஓய்வு அறிவித்துவிட்டார். வருஷக்கணக்காக அவர் பக்கத்தில் துணைப் பயிற்சியாளராக இருந்த டேமன் நஹாஸ் தற்காலிகமாகப் பொறுப்பெடுத்தார். அந்த டிசம்பரிலேயே இறுதிப்போட்டியில் வேக் ஃபாரஸ்டை 1-0 என்று வென்று அவர்களுக்கு 22-ஆவது என்.சி.ஏ.ஏ. (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பு) பட்டம். ஆபீசில் நாலு நாள் வேறு பேச்சே இல்லை.

இங்கே பெரிய அணிகளில் துணைப் பயிற்சியாளர்களுக்கு வேலை பிரித்திருக்கும். ஒருவர் கோல்கீப்பர்கள், ஒருவர் பள்ளிகளில் போய் ஆள் தேடுவது, வீடியோ பார்ப்பது. பஸ், ஹோட்டல், சாப்பாடு எல்லாம் பார்க்கத் தனி ஆள். நம் ஊரில் இவர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளாக 6,000 ரூபாய்க்கு வருகிறார்கள். வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கிறது.

பழைய_பிடி_குன்னூர்

ராலே தம்பி, நம் பக்கமும் பார். கோகுலம் கேரளா பெண்கள் அணிக்குப் பெரிய கோச்சாக இருந்து 2019-20 இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வாங்கிக்கொடுத்தவர் பி.வி. பிரியா. அப்படிப்பட்டவர் பிறகு இந்திய அணியில் துணைப் பயிற்சியாளராக இருந்தார். 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றபோது பெரிய கோச் கிறிஸ்பின் செத்ரி. கோப்பை வென்ற கை, நோட்டு பிடிக்கவும் சம்மதித்திருக்கிறது.

லெஃப்ட்பேக் அம்மா, அந்தப் பொண்ணு விஷயம் என்ன ஆயிற்று?

லெஃப்ட்பேக்_கோத்தகிரி

எல்லாருக்கும் நன்றி. பதில் போட ஒரு வாரம் ஆகிவிட்டது, ஃபேக்டரியில் இலை வரத்து அதிகம்.

எட்டாம்நம்பர் அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அன்று ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் அவளை வாட்டர் டேங்க் பக்கம் உட்காரவைத்து நீங்கள் சொன்ன மாதிரியே சொன்னேன். அழுதாள். "நீங்களும் இப்படித்தானா" என்றாள். அது இன்னும் உறுத்துகிறது. ஆனால் மறுநாள் சாயங்காலம் அவளாகவே சார் ரூம் வாசலில் வந்து நின்றாள், நானும் போனேன். சார் கேட்டது முட்டியைப் பற்றியே இல்லை. "மூணு வாரமா ஏம்மா எங்கிட்ட சொல்லல" என்று நாலு தடவை கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு அவரே ஊட்டியில் ஒரு டாக்டருக்குப் போன் போட்டார். டாக்டர் பார்த்துவிட்டு ஸ்கேன் எழுதியிருக்கிறார். தேர்வுக்குப் போவாளா தெரியாது. தேர்வுக் குழுவில் சாருக்குத் தெரிந்தவர் இருக்கிறாராம், டாக்டர் சீட்டோடு கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

அவள் போனபிறகு மஞ்சள் அட்டை பற்றி நான் மன்னிப்புக் கேட்டேன். குன்னூர் சார், அவருக்கு அந்த விதி தெரியாதாம்! "யாருக்காவது ஒருத்தருக்குக் குடுத்துத்தானே ஆகணும், உனக்குக் குடுத்தா அடுத்த மேட்ச்ல உன்ன உட்கார விடமாட்டாங்களோன்னு நெனச்சேன்" என்றார். ஒரு மஞ்சளுக்கு அப்படியெல்லாம் தடை கிடையாது சார் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நோட்டில் வேண்டுமானால் எழுதிக்கொள்கிறேன்.

நோட்டு வாங்கிவிட்டேன், 80 பக்கம். நேற்று எங்களுக்குள்ளேயே ஆடிய ஆட்டத்தில் எண்ணினேன். 31 முறை பந்து பறிபோனது, அதில் 19 எங்கள் வலதுபக்க டச் லைன் ஓரம். ஹவில்தார் அண்ணா எட்டிப் பார்த்துவிட்டு, கோல்கீப்பருக்கும் இப்படி ஒரு கணக்குப் போட்டுத் தா என்கிறார். சம்பளம் இல்லாமல் வேலை மட்டும் ஏறுகிறது.

11 பிளஸ் ஆரம்பித்து மூன்று நாள். ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னால் பதினெட்டு பேரில் ஐந்து பேர் விழுகிறார்கள். அதில் நானும் ஒருத்தி.

ஸ்கேன் வியாழக்கிழமை, கோவையில். அவளோடு நான்தான் போகிறேன். கொடை அண்ணா, அந்தப் பக்கம் போகும்போதே பந்துக்கு அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். என்ன விலை இருக்கும்? ஊட்டியில் கேட்டால் சைக்கிள் பம்ப்பை எடுத்து நீட்டுகிறார்கள்.